அப்பா பேருக்கு எந்த எழுத்து?

வில்லியனூரில் ஜெராக்ஸ், டைப்பிங், பத்திரிகை டிசைன் எல்லாம் செய்யும் சின்னக் கடை என்னுடையது. கடை திறந்த முதல் வருஷமே எனக்கு ஒன்று புரிந்துபோனது. எங்கள் ஜனங்களுக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்து என்றால் மரியாதை. ஒரு பேருக்கு முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருந்தால் போதும், மீதி சின்னதாகத்தான் வரணும் என்று நான் சொன்னால், அவர்கள் பரம்பரையையே கேவலப்படுத்திவிட்ட மாதிரி முறைப்பார்கள்.

"எங்கப்பாரு பேரு இன்னா இப்படிச் சூம்பிப் போயிருக்குது? முழுசா பெருசா போடும்மா" என்று காதுகுத்துப் பத்திரிகையைத் திருப்பித் தந்தார் ஒரு கடைக்காரர். தாய்மாமன்கள் தாங்கள் கொடுக்கும் சீரைவிடப் பெரிய எழுத்து கேட்பார்கள். வாழ்த்த வரும் கட்சிக்காரருக்கோ மணமக்களைவிடப் பெரிது. கொஞ்ச நாள் சட்டம் பேசிப் பார்த்தேன். பிறகு, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று கேப்ஸ் லாக்கை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போக ஆரம்பித்தேன்.

அப்புறம் என் தங்கச்சிக்குக் கல்யாணம் கூடியது.

தங்கச்சி கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவர். அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பூரணாங்குப்பம், பனித்திட்டு என்று ஊர் ஊராக ரெண்டு வருஷம் தேடினாள். கண்டுபிடித்தபோது அவர் பாகூர் பக்கம் இன்னொருத்தி வீட்டில் உட்கார்ந்து நண்டு தின்றுகொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு அம்மா ஒரு காலேஜ் கேன்டீனில் பாத்திரம் கழுவி எங்களை ஆளாக்கினாள்.

பத்திரிகை அடிக்கிற நேரத்தில் சித்தப்பா கடைக்கு வந்தார்.

"அண்ணன் வரேன்னுட்டாரும்மா. பத்திரிகையில பேரு வரணும். இங்கிலீஷ் பக்கத்துல நல்லா பெருசா."

"பெருசான்னா?"

"எல்லாரையும் விட பெருசா. பொண்ணப் பெத்தவரு இல்ல?"

"பெத்தாரு. அதோட சரி" என்றேன்.

இங்கிலீஷ் பக்கத்தை ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும்தான் படிக்க வரும். பஸ் போர்டிலும் ஒயின்ஸ் கடை போர்டிலும் கற்ற கல்வி. ரெண்டாவது போர்டை அவர் ஒருநாள்கூடத் தப்பாகப் படித்ததில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"போடுடி. அப்பன் பேரு இல்லாத பொண்ணுன்னு மாப்பிள்ள வூட்டுல ஒருத்தரும் அவளச் சொல்லக் கூடாது" என்றாள். அடுத்த கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே, "பெரிய எழுத்துதான் மரியாதைன்னு எல்லாரும் சண்ட போடறாங்கன்னியே, சின்ன எழுத்துன்னு ஒண்ணு கீது இல்ல? அதுல போடு" என்றாள்.

"பேருக்கு முதல் எழுத்தாவது பெருசா வரணும்மா. அதான் சட்டம்."

"அவன் எந்தச் சட்டத்த மதிச்சான்?"

தமிழ்ப் பக்கத்தில் பிரச்சினையே இல்லை. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. எல்லாரும் ஒரே உயரம். இங்கிலீஷ் பக்கத்தில் அம்மா பேரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தேன். அப்பா பேரை இனிஷியலிலிருந்து கடைசிவரை சின்ன எழுத்தில். இத்தனை வருஷத்தில் நான் தெரிந்தே செய்த தப்புகளிலேயே பச்சைத் தப்பு அது. மனசாரச் செய்தேன்.

கல்யாணத்தன்று அப்பா பட்டு வேட்டியில் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரிகையை வாங்கி இங்கிலீஷ் பக்கத்தைத் திருப்பினார். அம்மா பேரில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு விரல் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாடா இது, என் பேரயே காணோம்?" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"கீது. தேடு."

"எங்க கீது?"

"கைக்கொழந்தய இடுப்புல வெச்சிக்கினு நான் ரெண்டு வருசம் தேடல? நீயும் கொஞ்சம் தேடு."

சொல்லிவிட்டு, வந்தவர்களைப் பந்திக்கு அனுப்பப் போய்விட்டாள்.