கொண்டை கோணிய சேவல்

பழைய கிரேக்கத்தின் மெகாரா ஊரில் கம்பளி நெய்து பிழைத்த அர்க்கிப்பேயின் புருஷன் தெல்லிஸ், கொரிந்துக்காரர்களோடு நடந்த சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. எதிரிகள் ஒப்படைத்த பிணங்களிலும் அவன் இல்லை. மனுஷன் இருக்கிறானா, இல்லையா? அது தெரியாமல் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

திருவிழாவுக்காகச் சண்டையை நிறுத்தியிருந்த நாட்களில், கொழுந்தன் மோஸ்கோனைக் கூட்டிக்கொண்டு எதிரிகளின் கடல்தெய்வக் கோயிலுக்கே போய்விட்டாள். தோற்றவர்களிடம் பறித்ததையெல்லாம் அங்கேதான் காணிக்கையாக மாட்டுவார்கள்.

"அண்ணன் கேடயத்துல ஈட்டி பாஞ்சிருக்கும் பாருங்க அண்ணி," என்று வழியெல்லாம் பெருமை பேசினான் மோஸ்கோன். "ஓடுறவன்தான் அதத் தூக்கிப் போடுவான். நம்ம அண்ணன் அப்படிப்பட்ட ஆளா?"

அவளோ கேடயம் முழுசாக இருக்க வேண்டும், ஓடியாவது அவன் பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

சுவர் நெடுக வெண்கலக் கேடயங்கள் கண்ணைப் பறித்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம். சிங்கம், பாம்பு, கழுகு. தெல்லிஸின் கேடயத்தில் இருந்த அவளுடைய சேவலைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள். கரித்துண்டால் அதை வரைந்து கொடுத்தவளே அவள்தான். கொண்டை கோணிப் போயிற்று. கன்னான் அதையும் அப்படியே தகட்டில் அடித்துவிட்டான். "எதிரி சிரிச்சே செத்துருவான்டி," என்று தெல்லிஸ் கேலி செய்தான். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

சேவலின் நெஞ்சில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. ஈட்டி பாய்ந்த ஓட்டையா? ஓடிப்போய்த் தடவினாள். சுவரில் மாட்டக் கோயில்காரர்கள் அறைந்த ஆணி! வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மோஸ்கோனுக்கு முகம் செத்துவிட்டது. "ஊர்ல ஓட்டைன்னே சொல்லிடுவோம் அண்ணி. இல்லன்னா காறித் துப்புவாங்க."

"செத்துட்டாருன்னு சொன்னா என்னை வேற எவனுக்காவது கட்டி வெச்சிருவீங்க. அப்புறம் அவரு திரும்பி வந்தா எங்க தம்பி போவாரு?"

ஊர் திரும்பியதும் ஊற்றடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "ஒரு கீறல்கூட இல்ல," என்றாள் உரக்க. ஒவ்வொருத்தியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அதன்பின் உள்ளூரில் அவள் நெய்ததை யாரும் வாங்கவில்லை. போனால் போகட்டும் என்று துறைமுகத்துக்குப் போய் வெளியூர்க் கப்பல்காரர்களுக்கு விற்றாள். தலை நரைத்த பிறகும் விற்றாள். ஒவ்வொரு போர்வையின் ஓரத்திலும் கொண்டை கோணிய ஒரு சேவல் இருக்கும். எந்தக் கரையில், எவன் தோளில் அதைப் பார்த்தாலும் தெல்லிஸுக்குத் தெரியுமே, வீட்டுக்கு வரலாம் என்று.