தெல்தோட்டை ஏற்றத்தில் நின்ற கார்

கம்பளையில் இருந்து தினமும் ரயிலேறிப் போய், கண்டியில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிற ரஸீன் எதற்காவது ஆசைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தலை நரைக்கத் தொடங்கிய வயதில்தான் அவருக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. ஒரு தோட்டத்துப் பங்களாவின் பின்கொட்டிலில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, இரண்டே பேருக்குத்தான் இடம். லொறியில் வந்து இறங்கியபோது மனைவி நப்லா வாசலில் நின்று பார்த்தாள்.

"இது ஓடுமா?"

"ஓடும். கொஞ்சம் வேலை இரிக்கி."

அந்தக் கொஞ்ச வேலை ஒரு மழைக்காலத்தையே தின்றது. சமதரையில் கார் பூனை மாதிரி ஓடியது. ஏற்றம் வந்தால் இரண்டு தரம் இருமும், பிறகு செத்துவிடும். சற்று நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றும் நடக்காதது போல் திரும்பவும் ஸ்டார்ட் ஆகும். அதுதான் ரஸீனைக் குழப்பியது. பிளக் மாற்றினார், கொயில் மாற்றினார். காபரேட்டரைக் கழற்றினால் உள்ளே செம்மண் போலத் துரு. டாங்கியை இறக்கிக் கழுவி, புது ஃபில்டர் போட்டார். ஒவ்வொரு தடவையும் ஓரிரு ஏற்றம் தாங்கும். அப்புறம் பழைய கதைதான். கடுகண்ணாவையில் ஒரு வளைவில் நின்று பின்னுக்கு உருண்டபோது, பின்னால் வந்த பஸ் மயிரிழையில் விலகிப் போனது.

"அது நிக்கிற இடத்தப் பாத்தீங்களா?" என்றாள் நப்லா. "நிக்க ஏலாத இடமாப் பாத்துத்தான் நிக்கிது." அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை.

மஹய்யாவையில் கராஜ் வைத்திருந்த தனபாலன் அவருக்குப் பழைய கூட்டாளி. அவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெற்றோல் பத்தல, ரஸீன் நானா. டாங்கிப் பக்கம் கரண்ட் பம்ப் ஒண்ணு போட்ருவோம். கைவசம் இருக்கிறது இந்தக் காருக்குக் கொஞ்சம் பெருசு. சின்னது வந்ததும் மாத்திக்கலாம்" என்றார்.

பம்ப் பூட்டியதில் இருந்து, சாவியைத் திருப்பினாலே பின்னால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். கார் முன்னைவிடக் கொஞ்ச தூரம் ஏறியது. ஆனாலும் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து திரும்பும்போது மறுபடி நின்றதும், பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க டாங்கி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது, மூச்சு முட்டிக் கிடந்த யாரோ மூச்சை இழுப்பதுபோல. உடனே கார் ஸ்டார்ட் ஆனது. ரஸீன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். காற்றுப் போகிற துளையைப் பழைய பெயின்ட் அடைத்திருந்தது. பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போகாமல் டாங்கி இறுகிப்போய், பம்ப் இழுத்தாலும் பெற்றோல் வரவில்லை.

"இத்தன மாசமும் ஒரு ஊசி வேலை" என்று வீட்டில் சிரித்தபடி துளையைக் குத்திச் சுத்தம் செய்தார்.

"அப்ப அந்த டிக் டிக் சாமான் எதுக்கு?" என்றாள் நப்லா.

"இரிக்கட்டும். இப்ப நல்லாத்தானே ஓடுது."

சின்ன பம்ப் வந்துவிட்டதென்று தனபாலன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். ரஸீன் போகவில்லை. அடைபட்ட மூடிதான் இத்தனை நாளும் பெரிய பம்பைப் பிடித்து வைத்திருந்தது. இனி அதைப் பிடிக்க ஒன்றுமில்லை; காபரேட்டர் தாங்காத அளவுக்குப் பெற்றோலைத் தள்ளும். அது அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டையில், நப்லா தாத்தா என்று கூப்பிடும் மூத்த சகோதரி வீட்டில் விருந்து. புருஷன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, மூத்தவள் வீட்டுக்குத்தானே என்று அவளும் ஏறினாள். கார் என்றுமில்லாதபடி ஏறியது. கலஹாவைத் தாண்டியதும் பெற்றோல் மணம் தொண்டையை அடைத்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பழைய கார் எண்டா மணக்கும்தான்" என்றார் ரஸீன்.

தேயிலைச் சரிவில் பனிப்புகார் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் என்ஜின் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. டிக் டிக் மட்டும் நிற்கவில்லை. நப்லா கதவைத் திறந்து கீழே பார்த்தாள். காருக்கு அடியில் இருந்து நிறநிறமாக ஒரு கோடு ஈர ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"சாவிய எடுங்க. இறங்குங்க."

"ஒரு தரம் பாப்பம்" என்று அவர் சாவியைத் திருப்பினார்.

காரின் மூக்குப் பக்கம் பொக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. நப்லா குதித்து இறங்கிவிட்டாள். ரஸீனும் இறங்கினார். ஆனால் ஓடவில்லை, முன்னால் போய் பொனட்டைத் தூக்கினார். காற்றுப் பட்டதும் நெருப்பு அவர் வலது கையை முழங்கை வரை வாரிக்கொண்டது. நப்லா பின்னால் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார்கள். சாவி உள்ளேயே இருந்தது. தீக்குள்ளிருந்தும் சற்று நேரம் அந்த டிக் டிக் கேட்டது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்து ஓடிவந்தவர்கள் மண்ணள்ளி வீசித் தேயிலையைக் காப்பாற்றினார்கள். காரைக் காப்பாற்ற முடியவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தார். தோல் இறுகி, மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. பார்க்க வந்த தனபாலன் கட்டிலோரம் நின்று, "நான் மாட்டுன பம்ப்" என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதார்.

"மாத்த வரச் சொன்னீங்கதானே. நான்தான் வரல்ல" என்றார் ரஸீன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், விரல்களுக்கு இடையில் மருந்து பூசிக்கொண்டே நப்லா கேட்டாள்.

"நான் இறங்கச் சொன்ன பொறகும் ஏன் சாவியத் திருப்பினீங்க?"



"பிழையக் கண்டுபுடிச்சிட்டேன் எண்டு நெனச்சிட்டேன், நப்லா. இன்னொரு பிழை இரிக்கும் எண்டு நெனைக்க மனசு வரல்ல."

அவள் அடுத்த விரலை மெல்ல விரித்துப் பிடித்தாள்.