பெண் வீட்டுக்காரர்கள்

அக்காவை நான் முதலில் பார்த்தது கோவில்பட்டியில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் மிஷனரிச் சங்கம் வாடகைக்குப் பிடித்திருந்த பயிற்சி வீட்டில். எழுபதுகளின் கடைசி அது. கிராமங்களுக்குப் போய் ஊழியம் செய்ய முன்வந்த பெண்கள் சிலர் அங்கே சேர்ந்து தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். நான் டவுனில் டைப்ரைட்டிங் படித்துவிட்டு வந்தவள். அவள் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். ஒரு தகரப் பெட்டியும், ஓலைக் கொட்டான் நிறையச் சில்லுக்கருப்பட்டியும் கொண்டு வந்தாள். வந்த அன்றைக்கே கருப்பட்டியை எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கொட்டானைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அந்த வீட்டில் விடியுமுன்னே மணி அடிக்கும். எழுந்து முகம் கழுவி, அவரவர் பாயில் முழங்கால் போட்டுத் தனி ஜெபம் செய்ய வேண்டும். மற்றவர்கள் எழுந்த பிறகும் அக்கா எழ மாட்டாள். முதல் வாரம், என்ன ஒரு பக்தி என்று நாங்கள் மெய்சிலிர்த்துப் போனோம். பிறகுதான் லேசான குறட்டை கேட்டது. எங்களுக்கு வகுப்பெடுத்த அம்மாவுக்கும் அது தெரியும். அவர் திட்டியதில்லை. பக்கத்தில் போய் மெல்ல இருமுவார். அக்கா "ஆமென்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து விறகடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

காலையில் வேத வகுப்பு. துணிப் பலகையில் படங்களை ஒட்டிக் கதை சொல்வது எப்படி, காய்ச்சலுக்கும் கண்வலிக்கும் என்ன மருந்து கொடுப்பது என்று மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நகராட்சிக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த சத்தம் கேட்டால் எந்த வகுப்பானாலும் பாதியில் நின்றுவிடும். தீர்க்கதரிசிகளை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவோம். சாயங்காலம் மைதானத்தில் சேலையோடு சைக்கிள் பழகினோம். அக்கா விழுந்த மாதிரி யாரும் விழவில்லை. கடைசியில் அவளைப் போல யாரும் ஓட்டவும் இல்லை.

பயிற்சி முடிந்ததும் அவளையும் என்னையும் ஜோடியாகப் புதூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு இடம் கொடுத்தவர் ஒரு சம்சாரி. அந்தப் பக்கம் விவசாயிகளை அப்படித்தான் சொல்வார்கள். பருத்தி குவித்து வைத்திருந்த பக்க அறையை எங்களுக்காக ஒழித்துக் கொடுத்தார். எவ்வளவு பெருக்கினாலும் ஏதாவது ஒரு மூலையிலிருந்து பஞ்சு பறந்துகொண்டேயிருக்கும். அவரைப் பெரியப்பா என்றும், அவர் மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டோம். பெரியப்பா அதிகம் பேசாதவர். மாடுகளோடுதான் கொஞ்சம் பேசுவார். அவர்களுக்கு இரண்டும் மகன்கள், இருவருமே வெளியூரில் வேலை. பெண் பிள்ளை இல்லை. வீட்டில் அவர்கள் பேசியது தெலுங்கு. பெரியம்மா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இரண்டு பேருமே "பில்லா"தான். தெலுங்கில் பெண்ணே என்று அர்த்தம்.

காலையில் ஜெபித்துவிட்டுக் கம்பங்கஞ்சியைக் குடித்து சைக்கிளை எடுத்தோமானால், பக்கத்து ஊர்களைச் சுற்றிவிட்டு வர வெயில் இறங்கிவிடும். மிளகாய் பறிக்கிற பெண்கள் பக்கத்தில் நின்று வெறுமனே பேசினால் காது கொடுக்க மாட்டார்கள். அதனால் நாங்களும் கூடச் சேர்ந்து பறித்துக்கொண்டே பேசுவோம். ராத்திரி அந்த மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு அக்கா துள்ளுவாள். பொழுது சாயும்போது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, பாட்டுப் படிப்போம். அக்காவுக்கு ராகம் வராது, தொண்டை மட்டும் பெரிது. ஆடு பத்திக்கொண்டு போகிற அண்ணாச்சி ஒருவர், "டீச்சர் பாடுனா என் ஆடுக தானா வீட்டுக்குத் திரும்பிருதுக" என்று சொன்னார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் சொன்ன கதைகளைப் பெரியம்மா ஆர்வமாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் அவருடைய கவலைக்கு வந்துவிடுவார்.

"வயசுப் பிள்ளைகள இப்படித் தனியா யாரும்மா அனுப்புனா?"

"கடவுள்தான் அனுப்பினாரு பெரியம்மா" என்பாள் அக்கா.

"அனுப்புனவரு கூட ஒரு மாப்பிள்ளையும் சேத்து அனுப்பியிருக்கலாம்."

அக்காவுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன் பம்பாயில் மில் வேலையில் இருந்தார். கல்யாணப் பேச்சு எடுத்தால், "அதெல்லாம் வேண்டாம் ஏட்டி, எனக்கு இந்த ஊரே போதும்" என்று சொல்லிவிடுவாள்.

நாங்கள் அங்கே போன இரண்டாவது வருஷம், ஐப்பசி மாதத்தில், சங்கத்தின் பொறுப்பாளர் அண்ணாச்சி கோவில்பட்டியிலிருந்து வந்தார். ஒரிசா மலைப்பகுதியில் எங்கள் சங்கத்துக்காக வேலை செய்கிற ஒருவர் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். அவருக்கு அக்காவைக் கேட்கிறார்கள். பம்பாய் அண்ணனுக்குச் சம்மதம். சனிக்கிழமை கோவில்பட்டிப் பயிற்சி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அக்கா கையிலிருந்த சிலேட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "என்னப் பாக்கணும்னா நான் இருக்கற எடத்துல வந்து பாக்கட்டும் அண்ணாச்சி" என்றாள்.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்த பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பொண்ணு பாக்க வாறாகளா? அப்பம் பொண்ணு வீடு இதுதான். சனிக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வாங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கிணற்றடியில் அக்கா கேட்டாள். "ஏட்டி, நான் போயிட்டா நீ என்ன செய்வ?"

"இன்னும் ஆளையே பாக்கல, அதுக்குள்ள போறதப் பத்திப் பேச்சு" என்றேன்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. விடிய விடியப் பெய்தது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு வருகிற வண்டிப்பாதை முழுக்கக் கரிசல். மழை விழுந்தால் அந்த மண் பசையாகிவிடும். சைக்கிள் உருளாது, கால் வைத்தால் செருப்பை அது வாங்கிக்கொள்ளும். இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். பெரியம்மா மட்டும் அசரவில்லை. முன்தாழ்வாரத்தைச் சாணி போட்டு மெழுகி மாக்கோலம் போட்டார். பணியாரத்துக்கு அரைத்து வைத்தார். தன்னுடைய பட்டுச் சேலையைக் கொண்டு வந்தார். அக்கா வேண்டாமென்று தன் நூல் சேலையையே உடுத்தினாள். நாங்கள் அப்போது நகையோ பூவோ வைத்துக்கொள்வதில்லை. பெரியம்மா பிச்சிப்பூச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பூ வச்சா ஒங்க சாமி கோவிச்சுக்கிடுமா?"

"கோவிக்காது பெரியம்மா."

"பெறகு?"

அக்கா சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தாள்.

உச்சிப்பொழுது இருக்கும். தூறலில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் கரிசல் மண் அடை அடையாக அப்பியிருந்தது. செருப்பு கையில், மூக்குக் கண்ணாடியெல்லாம் சேறு. தாழ்வாரத்தில் ஏறக் காலைத் தூக்கினார்.

"யாருலே அது? அங்கனயே நில்லு" என்றார் பெரியம்மா. "மெழுகுன எடத்துல கால வைக்காத. பொண்ணு பாக்க ஆளு வாற வீடு."

அவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார். "ஒரு மாட்டு வண்டி கெடைக்குமா அம்மா? எங்கம்மா மெயின் ரோட்டு டீக்கடையில உக்காந்திருக்காங்க. இந்தச் சகதியில அவங்களால நடக்க முடியாது."

"வண்டி இன்னைக்கு ஒழிவில்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளக் கூட்டிட்டு வரணும்."

"அவங்களுக்குத்தான் கேக்கேன்."

"நீ யாரு, அவுகளோட வந்த ஆளா?"

"இல்லம்மா. நான்தான் மாப்பிள்ளை."

பெரியம்மா அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தரம் பார்த்தார். "அப்பம் குடத்துல தண்ணி இருக்கு. நல்லாத் தேச்சுக் கழுவிக்கோங்க" என்றார். ஒரு நிமிஷத்தில் 'லே' போய் 'ங்க' வந்துவிட்டது. கதவிடுக்கில் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அது வெளியே கேட்டிருக்க வேண்டும். காலைத் தேய்த்தபடியே அவரும் சிரித்தார்.

பெரியப்பா மாட்டைப் பூட்டினார். கழுவிய காலோடு மாப்பிள்ளை மறுபடி சகதியில் இறங்கி, வண்டிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது வண்டியில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். ஒற்றை நாடி உடம்பு, மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். பின்னால் பொறுப்பாளர் அண்ணாச்சி பூட்ஸைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். பெரியம்மா மறுபடியும் தண்ணீர் கொண்டு வர வேண்டியிருந்தது.

அண்ணாச்சி ஒரு ஜெபம் செய்தார். பணியாரம் வைத்தார்கள். மாப்பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் போடுவதற்குள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க இருக்கற ஊர்ல தண்ணி வசதி எப்படி?"

"ஓடைத் தண்ணிதான். காய்ச்சிக் குடிப்போம்."

"அரிசி கெடைக்குமா?"

"கெடைக்கும். சந்தைக்கு மலை எறங்கிப் போகணும்."

"ஒடம்புக்கு முடியலன்னா?"

அவர் பணியாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். "ஆஸ்பத்திரி தூரம். காலையில கெளம்பினா இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரலாம். நடந்தோ, கட்டில்ல தூக்கிட்டோ போகணும்."

"ஒங்களுக்கு அப்படி வந்திருக்கா?"

"மலேரியா வந்துச்சு. ரெண்டாவது தடவை தூக்கிட்டுத்தான் போனாங்க."

ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா வாய்க்குக் கொண்டுபோன காப்பி டம்ளரைக் குடிக்காமலே இறக்கினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் அந்த அம்மா. "கடுதாசிக்குக் கடுதாசி சுகம், சுகம்னுதான எழுதுன." அவருக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் அக்கா வெளியே வர வேண்டும் என்று பெரியம்மா சொல்லி வைத்திருந்தார். அவள் காத்திருக்கவில்லை. நேராக வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அழாதீங்க அத்தே. இனிமே கடுதாசி நான் எழுதுதேன். உள்ளது உள்ளபடி எழுதுதேன்."

அத்தே என்று அவள் சொன்னது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. பெரியம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"பில்லா பதில் சொல்லிட்டா. ஒங்களுக்கு வெளங்குச்சா?"

"வெளங்குச்சு அம்மா" என்றார் அவர். காது சிவந்திருந்தது.

அவருக்கு லீவு முடியுமுன்னே கோவில்பட்டியில் எங்கள் வேதக்கோயிலில் கல்யாணம் நடந்தது. பம்பாயிலிருந்து அண்ணன் வந்து தங்கையைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனார். எங்கள் கிராமத்திலிருந்து ஒரு கூட்டமே பஸ் ஏறி வந்திருந்தது. பெரியம்மா பட்டுச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் இருவரும் விவாகம் செய்வதற்கு யாராவது தடை சொல்வதானால் இப்போதே சொல்லலாம் என்று ஐயர் கேட்டார். எங்கள் கோயில்களில் பாதிரியாரை ஐயர் என்போம். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், யாரும் பதில் சொல்வதில்லை. பெரியம்மா எழுந்து நின்றார்.

"ஒரு தடையும் இல்ல சாமி. எல்லாம் நல்லா விசாரிச்சாச்சு."

கோயிலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஐயர் மட்டும் சிரிக்காமல், "நன்றி அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

அக்கா வடக்கே போய்விட்டாள். ரயிலடியில் நான் அழவில்லை. திரும்பி வந்து, எங்கள் அறையில் அவள் பாய் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அழுதேன். புதுத் துணை வருகிற வரைக்கும் பெரியம்மா தன் பாயை என் அறைக்குக் கொண்டு வந்துவிட்டார். "ஒங்க சாமிட்ட நீ கேளு, எங்க சாமிட்ட நான் கேக்கேன். அங்கன அவ சுகமா இருக்கணும்" என்றார். அக்கா எனக்கும் எழுதினாள், உள்ளது உள்ளபடிதான். காய்ச்சல் வந்தது, தேறியது, பாஷை கொஞ்சம் பிடிபட்டது, மலைப் பெண்கள் அவள் பாட்டைக் கேட்டுச் சிரித்தது, எல்லாம்.

தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய் வீட்டுக்குத்தான் கூட்டி வர வேண்டும் என்று பெரியம்மா ஒற்றைக் காலில் நின்றார். ஏழாம் மாதம் அவள் அந்தப் பருத்தி அறைக்கே வந்து சேர்ந்தாள். கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பெரியப்பா குழந்தையைத் தொடவே பயப்படுவார். தொட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு, கூட்டிப் போக மாப்பிள்ளை ஒரிசாவிலிருந்து வந்தார். வழியனுப்ப நாங்கள் எல்லோரும் கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போனோம். மதுரை பாசஞ்சரில் ஒரே கூட்டம். பெட்டிகளை ஏற்றிக் கொடுக்கப் பெரியப்பா உள்ளே ஏறினார். வண்டி கிளம்பியது. அவர் இறங்கவில்லை. பெரியம்மா பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் கூடவே நடந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

பொழுது இறங்குகிற நேரத்தில், வழியில் சாத்தூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பெரியப்பா வீடு வந்து சேர்ந்தார். துண்டை உதறிக் கொடியில் போட்டார். ஏன் கோவில்பட்டியிலேயே இறங்கவில்லை என்று பெரியம்மா கேட்டார்.

"கூட்டம், எறங்க முடியல" என்றார். தொழுவத்தின் பக்கம் போகப் போனவர், நின்று என்னைப் பார்த்தார்.

"சாத்தூர் வரைக்கும் பிள்ளைய நான்தான் வச்சிருந்தேன்" என்றார்.