ஈ உட்கார்ந்த கருவாடு

இன்று காலை எங்கள் குடியிருப்பில் கரப்பான் மருந்து அடித்துவிட்டுப் போன நெடி, திருவொற்றியூர் கரையில் அம்மா கருவாடு காயவைத்த மணலுக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. அந்த மணலைக் கடல் தின்றுவிட்டது; இப்போது அங்கே பாறாங்கற்கள்தான் கிடக்கின்றன. வெயில் நாளில் வாளையும் நெத்திலியும் வெள்ளியாய்ப் பளபளக்க, ஈக்கள் ஙொய்யென்று சுற்ற, வாங்க வந்தவர்களிடம் அம்மா பெருமையடிப்பாள்: "ஈ குந்திகினு கீது பாரு, மருந்தே போடல!"

மழை மாதங்களில் இதே நெடியடிக்கும் பூச்சி மருந்துத் தூள் தூவாவிட்டால் புழு வைத்து மொத்தமும் குப்பைக்குப் போகும். தூவினால் ஒரு ஈகூட எட்டிப் பார்க்காது. சரக்கு பிழைக்கும், அடுப்பும் எரியும், ஆனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வெறும் பருப்புக் குழம்புதான்.

"நமக்கு ஏம்மா கருவாடு இல்ல?"

"ஈயே துன்னாதத நீ துன்னப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே, அதே கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்புவாள்.

அந்த நினைப்பிலேயே, நேற்று கடையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டைப் பால்கனியில் பரப்பிவைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

"வா நைனா" என்று வரவேற்றுவிட்டு, புளி கரைக்க உள்ளே போனேன்.