வாங்க என்று சொல்லாத வாசல்

எங்கள் வாசலில் யாரையும் "வாங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் அந்தச் சொல் எனக்குச் சட்டென்று வராது. கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இழவு சொல்ல வந்தவர்கள். அவர்களை வா என்று அழைக்கும் வழக்கம் இல்லை. போகும்போது அவர்களும் வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். வாசல் ஓரத்தில் வந்து பேசாமல் நிற்பார்கள். அப்பா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு, கூரையில் செருகியிருக்கும் கொடுவாளை உருவிக்கொண்டு, "எந்த ஊருங்க? எப்பங்க?" என்று கேட்பார். ஆணா பெண்ணா என்று கேட்பார். பிறகு மூங்கில் வெட்டக் கிளம்பிவிடுவார்.

மலைமேல் பல ஊர்கள் சேர்ந்தது எங்கள் அரியூர் நாடு. அதில் எங்கே சாவு விழுந்தாலும் பாடை கட்டுவதும் குழி வெட்டுவதும் எங்கள் வீட்டு ஆண்கள்தான். கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கம் கூலிக்குப் போன இடத்தில் யாராவது இறந்துவிட்டால், மூங்கில் கழியில் தூளி கட்டி மேலே சுமந்து வருவதும் அவர்கள்தான். அப்போது மலைக்கு ரோடு ஏது? வேரும் கல்லுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதைதான்.

அப்பாவின் தாத்தா காலத்தில் ஒரு கொடிய காய்ச்சல் வந்ததாம். தொட ஆளில்லாமல் கிடந்தவர்களை அவர் ஒருவரே எடுத்துப் புதைத்தாராம். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டதாம். காய்ச்சல் போய்விட்டது, வேலை மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கும்பிட்டவர்கள் மெல்ல மெல்ல எட்ட நின்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். என் தாத்தாவுக்கு வலது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. சித்தப்பாவுக்குக் காய்த்துக்கொண்டிருந்தது. நம்ம ஊட்டுச் சொத்து அதுதான் என்பாள் அம்மா.

அத்தை, அப்பாவின் தங்கை. எனக்குத் தலை வாரிவிடுவது அவள்தான். குழி மண்ணோடு திரும்பும் ஆண்களுக்கு வாசலிலேயே வெந்நீர் ஊற்றுவதும் அவள்தான். அவள் வயதுப் பெண்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு திரிந்தார்கள். அத்தையை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை. குழி வெட்டுகிற வீட்டில் பெண் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டு வரப்போவதாகச் சேதி வந்தது. அம்மா அப்பாவை விடவில்லை.

"வந்தவங்கள வாங்கன்னு வாயத் தொறந்து சொல்லோணும். கேட்டுக்கிட்டீங்களா?"

"சொல்றேன், சொல்றேன். அதென்ன மலையா, தூக்க முடியாம கெடக்கறதுக்கு?"

அந்த ஆண்டும் காய்ச்சல் ஆண்டு. ஓய்வே இல்லை. ஒரு நாள் விடிய விடியக் கீழிருந்து ஒருவரைச் சுமந்து வந்து, காலையில் குழியை மூடிவிட்டு, அப்பா ஈரத் துண்டோடு அப்படியே தரையில் விழுந்து தூங்கினார். அம்மா சாமைக் காட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானத் தூறலில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து வாசல் ஓரத்தில் நின்றார்கள். நான் அப்பாவை உலுக்கினேன்.

"அப்பா, ஆளுங்க வந்து நிக்கறாங்க."

அப்பா எழுந்தார். கண் சரியாகத் திறக்கவில்லை. கை தானாகத் துண்டைத் தலையில் கட்டியது, கொடுவாளை உருவியது.

"எந்த ஊருங்க?"

"திண்ணனூர் நாடுங்க" என்றார் பெரியவர்.

"எப்பங்க?"

பெரியவர் கொடுவாளைப் பார்த்தார்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைதானுங்க" என்றாள் அந்த அம்மாள். "உங்க தங்கச்சி. பொண்ணு கேட்டு வந்தோம்."

உள்ளே அத்தை மாவு திரித்துக்கொண்டிருந்த கல்லின் சத்தம் நின்றது. அப்பாவின் வாய் திறந்தது. வாங்க என்ற சொல் அப்போதும் வரவில்லை. அந்த அம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? வாங்க, போலாம்."

பெரியவர் அசையவில்லை. "எங்கப்பன் முள்ளுக்குறிச்சில செத்தப்ப மேல தூக்கியாந்தது இந்த ஊட்டுப் பெரியவருதான். மழையில வழுக்கி முட்டி பேந்துபோச்சு. அப்பவும் தோள எறக்கலே. அன்னிக்கி அவரு சகுனம் பாத்திருந்தா எங்கப்பன் நரிக்குத்தான்" என்றார். பிறகு யாரும் அழைக்காமலே வந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மாளும் உட்கார்ந்தாள், கொஞ்சம் தள்ளி. நான் கொடுத்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"புள்ளய நாங்க கண்ணாட்டம் வெச்சுக்கறோமுங்க. ஒண்ணே ஒண்ணு. எங்க ஊட்டுக்கு வந்தப்பறம் இங்க வரப்போக இருக்கக் கூடாது. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம்."

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே அத்தை மாவுக் கையோடு நின்றிருந்தாள். அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த அம்மாள் என்ன சொன்னால் என்ன? அத்தையாவது, என் தலையை வாராமல் இருப்பதாவது!

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், எங்கள் ஆட்கள் இல்லாமல். விடிந்ததும் அத்தையை அழைத்துப்போக வந்தார்கள். அவள் ஒரு விரலால் என் தலை வகிட்டை நேராக்கிவிட்டாள். வாரேன் கண்ணு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போயிட்டு வா என்று அப்பாவும் சொல்லவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை சாமைக் காட்டைத் தாண்டிப் பாதை திரும்பும் வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குழியை மூடிய பிறகு எங்கள் வீட்டு ஆண்கள் அப்படித்தான் நடந்து வருவார்கள்.

"அத்தே!" என்று கத்தினேன். சித்தப்பா என் வாயைப் பொத்தினார்.

"கூப்புடாத சாமி. போவட்டும்."

அன்று சாயங்காலமே வாசல் ஓரத்தில் ஓர் ஆள் வந்து நின்றான். அப்பா துண்டைக் கட்டினார். கொடுவாளோடு குனிந்து வெளியே வந்தவரை வழிமறித்துக் கேட்டேன்.

"அத்தை எப்பப்பா வரும்?"

"வரமாட்டா சாமி" என்றார். வந்த ஆளிடம் எந்த ஊர் என்று கேட்கத் திரும்பியவர், ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். "நல்லா இருப்பா."

வராமல் இருப்பவள் எப்படி நல்லா இருப்பாள் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் அம்மா சீப்போடு வந்தபோது தலையைக் கொடுக்க மாட்டேன் என்று அழுதேன். அத்தை வந்து வாரட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.