நிமலன் அண்ணையின் மெஷினை இன்று நான்தான் நிறுத்தினேன்

நிமலன் அண்ணை போய்விட்டார்.

காலையில் கூரையில் ஏறி சோலார் தகடுகளைத் துடைத்துவிட்டு இறங்கியவர், கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அவர் மனைவி வசந்தி அக்கா செம்போடு வந்தபோது... அவ்வளவுதான்.

நேற்றுப் பின்னேரம் என்னோடு கதைத்த மனுஷன். வட்ஸ்அப்பில் குரல் அப்படியே கிடக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக... கொக்குவிலில் நான் வேலை செய்த கணினிப் பயிற்சி நிலையத்தில் அவர் எனக்குப் பக்கத்து மேசை. பிறகு உரும்பிராயில் வீட்டோடு ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடை போட்டார். அது போதாதென்று கூரை முழுக்க சோலார் போட்டு, ஒரு பிட்கொயின் மைனிங் மெஷினும் வாங்கி வைத்தார், ஆட்கள் அனுப்புகிற பிட்கொயினைச் சரிபார்த்துப் பதிந்து கூலி வாங்குகிற மெஷின். வெயில் இருக்கும்வரை ஓடும்.

அதன் இரைச்சலைக் கேட்டு அரைக்கிற மில் என்று நினைத்து, ஒரு அம்மா மிளகாய்ப் பையோடு படலையில் வந்து நின்றாராம். அண்ணை அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

"அரைக்கேலாது அம்மா, வேணுமெண்டால் காயவைச்சுத் தாறன்" என்று மெஷினின் சூட்டுக் காற்றுக்கு முன்னால் மிளகாயைப் பரப்பிவிட்டார். வசந்தி அக்கா அந்தக் கிழமை முழுக்கத் தும்மினார்.

நான் அவரைச் சும்மா விடுவதில்லை. ஒருநாள் கேட்டேன். "அண்ணை, உங்கடை பிட்கொயினைக் குடுத்து உரும்பிராய்ச் சந்தையிலை ஒரு பிடி கீரை வாங்கேலுமோ?"

"ஏலாது பிள்ளை. அதுதானே பிரச்சினை." சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"எல்லாரும் வாங்கி, நகை மாதிரி லொக்கருக்குள்ளை பூட்டி வைச்சிருக்கினம். விலை ஏறினால் கனடாவிலையிருந்தும் எனக்குப் போன் கோல் வரும். ஆனால் ஆர் பாவிக்கினம்? ஒருத்தருக்கொருத்தர் அனுப்பினால்தானே அது காசு?"

அதோடு விட்டாரா... இல்லை. எனக்கு விளங்கவேண்டும் என்று பருத்தித்துறை மினிபஸ்ஸை இழுத்தார்.

"சனம் நிறைய ஏறினால் மினிபஸ்காரனுக்கு டிக்கெட் காசு. எங்களுக்கும் அப்பிடித்தான், ஆக்கள் அனுப்பேக்கை வெட்டுற கூலி. இப்ப பஸ் வெறுமையா ஓடுது. மற்றது, மெஷின் ஓடுறதுக்காக எங்களுக்குக் கிடைக்கிற புதுக் கொயின். அதுவும் நாலு வருசத்துக்கொருக்கால் பாதியாகுது. ரெண்டும் இல்லையெண்டால் மினிபஸ்காரன் என்ன செய்வான்? எஞ்சினை நிப்பாட்டி, திறப்பைக் கழட்டிக்கொண்டு வீட்டை போவான். எல்லாரும் மெஷினை நிப்பாட்டினால் பிட்கொயினுக்கு ஆர் காவல்?"

அன்றைக்குத்தான் எங்கள் சட்டி விளையாட்டுத் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் இருந்து கறி வந்தால் அந்தச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம் இல்லையா? அதே மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை அவர் எனக்கு ஒரு கொத்துரொட்டி விலைக்குப் பிட்கொயின் அனுப்புவார். அடுத்த வெள்ளி நான் அதில் கொஞ்சம் கூடப் போட்டு அவருக்கு அனுப்பவேண்டும். பிறகு அவர். பிறகு நான்.

"ரெண்டு பேராவது பாவிப்பம் பிள்ளை. உலகத்துக்கு எங்கடை பங்கு."

விசர் மனுஷன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒரு வெள்ளிகூட நான் மறந்ததில்லை. அவரும் மறந்ததில்லை. சட்டி வந்ததும் ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுவார்.

நேற்று அவருடைய முறை. அனுப்பிவிட்டுப் போட்ட வொய்ஸ் இது:

"பாத்தியே பிள்ளை, முந்தி நெரிசலுக்குள்ளை அரை நாள் காத்துக் கிடக்கும். இப்ப என்ரை தேத்தண்ணி ஆற முன்னம் உன்னட்டை வந்திட்டுது. கூலியும் ஒண்டுமில்லை. உனக்குச் சந்தோசம். எனக்குத்தான் கவலை, பஸ் வெறுமையா ஓடுது."

நான் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டு சமைக்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் எங்கள் கடைசிக் கதை.

இன்று நான் போனபோது ஆஸ்பத்திரியில் இருந்து அவரை இன்னும் கொண்டு வரவில்லை. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில்... அது பாட்டுக்கு இரைந்தது. வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் கத்திக் கதைத்தார்கள். ஜெனரேற்றரா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பதிகம் பாட வந்த ஐயா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்த அறையைப் பார்த்தார்.

வசந்தி அக்கா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, உந்த மெஷினை நிப்பாட்டத் தெரியுமோ? அவர் என்னைத் தொட விடுறேல்லை."

தெரியும். ஒரே ஒரு சுவிட்ச். "ஒருநாளைக்கு நான் வந்து உதை நிப்பாட்டிப் போடுவன்" என்று எத்தனை தரம் பகிடி விட்டிருப்பேன்...

நிறுத்தினேன். காற்றாடி கொஞ்ச நேரம் சுற்றி ஓய்ந்தது. அதுவரைக்கும் அக்கா அழுதுகொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

உலகத்தில் எத்தனையோ மெஷின்கள் ஓடுகின்றன. உரும்பிராயில் ஒன்று நின்றது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

சட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அதை அக்காவிடம் சொன்னேன். அவருடைய கணக்கைத் திறக்கிற சொற்களை அண்ணை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தார், அங்கே அனுப்பினால் இனி ஒருவராலும் எடுக்கமுடியாது, அந்தக் காசை உங்கள் கையிலேயே தருகிறேன் என்றேன்.

"இப்ப ஆற்றை முறை?" என்று கேட்டார்.

"என்ரை முறை அக்கா."

"அப்ப அவருக்கே அனுப்பு."

"திரும்பி வராது அக்கா."

"அவரும் வரமாட்டார்தானே" என்றார்.

றோட்டுக்கு வந்து, பஸ்ஸுக்கு நின்றபடி அனுப்பினேன். கொஞ்சம் கூடப் போட்டு. கூலியும் வழக்கத்தைவிடக் கூடக் கொடுத்தேன், எங்கேயோ ஒரு மைனிங்காரனுக்குப் போகட்டும்.

பஸ் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

இறுதிக் கிரியைகள் நாளை காலை உரும்பிராய் வீட்டில். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நான் இன்னும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்... சட்டி வந்திட்டுதோ அண்ணை? ஒருக்கால் சொல்லுங்கோ.