வெளியே வண்டி, உள்ளே கூடை

கடை வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே கட்டிங் அக்கா மிதிப்பதை நிறுத்திவிடுவார். வண்டி தன் போக்கில் உருண்டு வந்து, வாசல் விரிப்பின் ஓரத்தில் சொல்லி வைத்தாற்போல நிற்கும். முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் கம்பிக் கூடை. பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன்மேல் பூப்போட்ட துணி உறை போர்த்திய இருக்கை. அக்கா இறங்குவார். ஒரு கை கைப்பிடியில் இருக்க, மறு கையால் இருக்கைக்கு அடியில் உள்ள கொக்கியைத் தட்டுவார். ‘டக்’கென்று ஒரு சத்தம். பின்பாதி அப்படியே மடங்கி, மிதிகட்டையும் சக்கரமுமாகக் கூடைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம் தரையில் ஊன்றும். சைக்கிளில் வந்து இறங்கிய அக்கா, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். வாய்விட்டுக் கேட்பவர்களும் உண்டு.

“இது என்னம்மா, சைக்கிளா, கூடையா?”

“வெளிய வண்டி, உள்ள கூடை. கொஞ்சம் வழி விடுங்க.”

சட்டைக் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருடமாகத் துணி வெட்டுகிறார் அக்கா; ‘கட்டிங்’ என்ற பட்டம் அப்படி வந்தது. நாற்பது மடிப்புத் துணியை மேஜைமேல் விரித்து, அதன்மேல் அட்டை வைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மோட்டார் கத்தியை ஓட்டுகிற வேலை. கத்தி ஒரு நூல் விலகினாலும் நாற்பது சட்டைக்கும் கை கோணும். அதனால் தையல் பிரிவில் இருப்பவர்களைப் பார்த்து அவருக்கு ஒரு இளக்காரம் உண்டு. “அவங்களுக்கென்ன, தப்பா தச்சா பிரிச்சுக்கலாம். நான் தப்பா வெட்டினா யாரைப் பிடிச்சு ஒட்டச் சொல்றது?”

மனிதர்களையும் துணியாகவேதான் பார்ப்பார். தபால்காரருக்கு வலது தோள் அரை இன்ச் இறக்கம். மாடி வீட்டுக்காரருக்கு வயிறு போன வருடத்தைவிட இரண்டு இன்ச் கூட. வாடிய கீரையைக் கையில் எடுத்தால், “சாயம் போன சரக்கு” என்று திரும்ப வைத்துவிடுவார். தக்காளியை விரல் நுனியால் தடவிப் பார்த்து, “இதான் நல்ல காட்டன்” என்பார். யாராவது வளவளவென்று பேசினால், “தையல் விடுது, தையல் விடுது” என்று முணுமுணுப்பது எதிராளிக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் முணுமுணுப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது படி வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஐந்து மாதம் படுக்கை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. மகள் வெளியூரில் இருக்கிறாள். அவள் வந்து ஐந்து மாதமும் பார்த்துக்கொண்டாள். எழுந்து நடமாடலாம் என்று சொன்ன டாக்டர், கையோடு ஒரு வாக்கரையும் எழுதிக்கொடுத்தார்.

அக்கா அதை ஒரு நாள் பிடித்துப் பார்த்தார். “நாலு கால்ல நடக்கறதுக்கு நான் என்ன மேஜையா?” என்றார். மறுநாளிலிருந்து அது பால்கனியில் நின்று துண்டு காயப்போட உதவியது.

ஆனால் வீறாப்பு பேசினால் இடுப்பு கேட்குமா? பத்தடி நடந்தால் போதும், இடுப்பிலிருந்து முழங்கால்வரை யாரோ நூலைச் சுண்டி இழுப்பதுபோல் ஒரு வலி. கம்பெனியில் கவலையில்லை, மேஜை தாங்கிக்கொள்ளும். மேஜையைப் பிடித்தபடியே நாள் முழுக்க நிற்கலாம். வெளியேதான் பிரச்சினை. சைக்கிள் மிதிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டார். மெதுவாக மிதித்தால் நல்லதுதான் என்றார் அவர். அது போதுமாயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜைமேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டி ஒட்டி விரித்து, சட்டைக்கு வரைவதுபோலவே வண்டிக்கு முழு அளவில் வரைந்து முடித்தார். கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பி காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “அக்கா, இது வண்டியா, சட்டையா?”

“கோடு போட்ட இடத்துல வெட்டு. புள்ளி வச்ச இடத்துல மடக்கு. மீதி உனக்கெதுக்கு?”

“இரும்புல தையலுக்கு மடிப்பு விடமுடியாதுக்கா.”

“விடாத. ஆனா பிசிறு இருக்கக் கூடாது.”

முதலில் செய்த வண்டி, அக்கா ஏறி உட்கார்ந்ததும் அவரையும் சேர்த்து மடிக்கப் பார்த்தது. இரண்டாவது வண்டி விரிந்தது, மடங்க மாட்டேன் என்றது. மூன்றாவதுதான் இப்போது ஓடுவது. கைப்பிடியில் ஒரு பிரேக் வைக்கச் சொன்னார் அக்கா. “மிதிக்கறப்ப சரி, தள்ளிக்கிட்டுப் போறப்ப எதுக்குக்கா பிரேக்கு?” என்று தம்பி ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். வைத்துக் கொடுத்தார்.

அந்த பிரேக்கில்தான் சூட்சுமம். அதை அழுத்திக்கொண்டு எவ்வளவு கனத்தைச் சாய்த்தாலும் வண்டி நகராமல் தாங்கும். விட்டால் கூடவே வரும். ஊரார் கண்ணுக்கு அவர் விசித்திரமான கூடையைத் தள்ளிக்கொண்டு போகிற ஒரு பெண்மணி. கால் சரியில்லாதவர் என்று எவர் வாயிலும் வரவில்லை. இரண்டு வருடம் இப்படியே நிம்மதியாகப் போனது.

பிறகு, அக்கா வழக்கமாகப் போகிற அந்தப் பெரிய கடைக்குப் புது சூப்பர்வைசர் வந்தாள். முப்பது வயதிருக்கும். இழுத்துக் கட்டிய கொண்டை, மடிப்புக் கலையாத சீருடை. “காலருக்குள்ள வச்ச ஒட்டுத்துணி மட்ட ரகம்” என்பது அக்காவின் முதல் கணிப்பு.

“மேடம், வண்டியெல்லாம் உள்ள விட முடியாது.”

“இது வண்டி இல்லம்மா, கூடை.”

“சக்கரம் இருக்கே?”

“உங்க கூடைக்கு நாலு இருக்கு. என்னோடதுக்கு மூணுதான். இதுல எது வண்டி?”

வாசல் காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, கடையின் தள்ளுவண்டியை அளந்தார், தன்னுடையதை அளந்தார். “உங்களோடது இருபத்திமூணு. என்னோடது இருபத்தொண்ணு. யாரை இடிக்கப் போகுது?”

“அகலம் இல்ல மேடம். ரோட்டுல வர்ற சக்கரம், தரை அழுக்காகும். மேல இருந்து சொல்லியிருக்காங்க.”

அடுத்த வாரம் மூன்று சக்கரத்துக்கும் உறை தைத்து எடுத்துவந்து, வாசலிலேயே மாட்டிக்கொண்டு நின்றார் அக்கா. ரப்பர் நாடா வைத்து, கச்சிதமாக. “சாக்ஸ் போட்டாச்சு. இப்ப அழுக்காகாது.”

சூப்பர்வைசர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “நல்லாதான் இருக்கு மேடம். ஆனா உங்களை விட்டா, நாளைக்கு ஒருத்தர் பைக்கோட வந்து நிப்பார்.”

“பைக்குக்குத் தைக்க நாளாகும்னு சொல்லுங்க.”

“எங்க வண்டியிலயே ஒண்ணை எடுத்துக்கோங்களேன். எல்லாம் புதுசு.”

அக்கா அதையும் பிடித்துப் பார்த்தார். நான்கு சக்கரமும் நான்கு திசைக்குத் திரும்புகிற வண்டி அது. லேசாகச் சாய்ந்ததும் வழுக்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார். “உங்க வண்டி என் பேச்சைக் கேக்காது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். ‘பிடித்துக்கொள்ள ஏதாவது இல்லாமல் என்னால் நடக்க முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கதவு அப்போதே திறந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வாயில் நுழையவில்லை.

அந்த வாரம் மகள் போனில் கேட்டாள்: “கடைக்கெல்லாம் போறியாம்மா?”

“போகாம? நேத்துகூட மூணு சுத்து சுத்திட்டுத்தான் வந்தேன்.”

“ஆப்ல போட்டா வீட்டுக்கே வந்துடும்னு எத்தனை தடவை சொல்றேன்.”

“துணியத் தொட்டுப் பாக்காம வெட்டச் சொல்றியா?”

“முடியலன்னா சொல்லு. வேலையை விட்டுட்டு இங்கயே வந்துடு.”

“யாரு சொன்னா முடியலன்னு?” என்று போனை வைத்தார் அக்கா. அன்றும் அதற்கு முந்தைய நாளும் ரொட்டியும் முட்டையும்தான். முனைக்கடையில் அவ்வளவுதான் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை ஒரு முடிவோடு கிளம்பினார். வண்டியை வாசலில் பூட்டிவிட்டு, துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காவலாளி சலாம் வைத்தார். முதல் வரிசை சோப்புத்தூள். பொருள் பார்க்கிறவர்போல அடுக்குகளின் விளிம்பை விரலால் பற்றிப் பற்றி நகர்ந்தார். இரண்டாவது வரிசை பிஸ்கெட், மூன்றாவது ஷாம்பு. அதன் முடிவில் அடுக்குகள் தீர்ந்துபோயின. அங்கிருந்து காய்கறிப் பகுதிவரை பளபளவென்று வெறும் தரை. பன்னிரண்டடி என்று கண் அளந்து சொன்னது. பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு துரும்பு கிடையாது.

திரும்பிப் போகலாமென்றால், வந்த வழியும் அவ்வளவே தூரமாகத் தெரிந்தது. இடுப்பில் நூல் இழுக்க ஆரம்பித்துவிட்டது. கைக்கு அகப்பட்ட ஒரு பாட்டிலை எடுத்து, அதில் எழுதியிருந்ததைப் படிப்பதுபோல் நின்றார். எத்தனை பேர் கடந்து போனார்களோ. எழுத்து எதுவும் மண்டையில் ஏறவில்லை.

“மேடம், ஏதாவது தேடறீங்களா?” சூப்பர்வைசர்.

“சும்மா, படிச்சுப் பாக்கறேன்.”

பாட்டில் கைக்குழந்தைகளுக்கான ஷாம்பு. அதைப் பார்த்தவள், அக்காவின் இடது கையையும் பார்த்தாள். அடுக்கின் இரும்பு விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஏசி குளிரில் மேலுதட்டில் வேர்வை.

“கால்ல ஏதாவது...?”

“கால்ல ஒண்ணுமில்ல. தரைதான் கொஞ்சம் தூரமா இருக்கு.”

அவள் நகரவில்லை. அக்கா பாட்டிலை இருந்த இடத்தில் வைத்தார். பிறகு அவளைப் பார்க்காமலே, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

“வெளிய நிக்குதே, அது வெறும் கூடை இல்லம்மா.”

சூப்பர்வைசர் கையை நீட்டினாள். அக்கா அதில் வைத்தது பூட்டுச் சாவியை.

அவளுக்கு மடிக்கத் தெரியவில்லை. இருக்கை, மிதிகட்டை, பின்சக்கரம் எல்லாவற்றோடும் முழு வண்டியையும் அப்படியே தள்ளிக்கொண்டு வந்தாள். மிதிகட்டை இடித்து, அழகாக அடுக்கியிருந்த காகிதச் சுருள்கள் சரிந்து நாலாபக்கமும் உருண்டன. வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னாலேயே ஓடிவந்த காவலாளி, “மேடம், வண்டி... வண்டி...” என்றார்.

“வண்டி இல்ல. கூடை” என்றாள் அவள், திரும்பாமலே.

“அப்படியேவா ஓட்டிட்டு வருவாங்க? கொக்கியத் தட்டும்மா, கொக்கிய!” என்று அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார். வலியோடு வந்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வண்டி மடங்கியது. கைப்பிடி கைக்கு வந்ததும் ஒரு மூச்சு விட்டு, அந்தப் பன்னிரண்டடியைக் கடந்துபோய், தக்காளியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். அவசரமே படவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம், “நடந்தா கொஞ்சம் வலிக்கத்தான்டி செய்யுது” என்றார். “தெரியும்மா. நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்” என்றாள் மகள். வேலையை விட்டுவிட்டு வா என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

மேலிடத்துக்கு சூப்பர்வைசர் எழுதிப்போட்டு அனுமதி வாங்கினாள். காகிதத்தில் ‘நடமாட உதவும் சாதனம்’ என்று இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “பேர் வைக்கத் தெரியல” என்றார். ஆனாலும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உறை போட்ட சக்கரங்கள் சத்தமில்லாமல் கடைக்குள் உருள்கின்றன.

போன சனிக்கிழமை, அக்கா சாமான்களோடு வெளியே வந்து வண்டியை விரிக்கப்போன நேரத்தில் சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தாள். ஏதோ சொல்ல வந்து, கூடையை ஒழுங்குபடுத்தினாள். தக்காளியை மேலே எடுத்து வைத்தாள்.

“என்னம்மா?”

“இதே மாதிரி இன்னொண்ணு செய்ய முடியுமா? எங்க அப்பாவுக்கு.”

பஸ் ஓட்டியவராம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருடமாக வாசல் தாண்டவில்லை. கடைக்குப் போய் நான் என்ன செய்யப் போகிறேன் என்கிறாராம்.

“வாக்கர் இருக்கா?”

“கட்டிலுக்கு அடியில கிடக்கு.”

அக்கா தலையை ஆட்டினார், அந்த மனிதரை நெடுநாளாகத் தெரிந்தவர்போல. “உயரம் எவ்வளவு?”

“அளந்ததில்லக்கா.” ‘மேடம்’ எப்போது ‘அக்கா’ ஆனது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“உன் பக்கத்துல நின்னா எதுவரைக்கும் வருவார்?”

அவள் உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத் தலைக்கு மேலே ஒரு சாண் உயர்த்தினாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “இப்ப கூனிப்போயிட்டார்” என்று மெல்ல இறக்கி, காதோரம் நிறுத்தினாள்.

அக்கா கைப்பிடியை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, முதலில் இருந்த இடத்துக்கே உயர்த்தி வைத்தார்.